யூதாசின் கொக்கி

இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று உங்கள் காக்கிச் சட்டையில் இடது தோள் தையல் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. துக்க வீட்டில் அதையெல்லாம் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். நேரம் கிடைக்கும்போது யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். பிரித்துத் தைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம். தையல் கோணலாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான்.

அன்று நீங்கள் விசாரித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. பாஸ்கா நாடகத்தில் யூதாஸ் வேடம் கட்டிய செபாஸ்டின், இடுப்புப் பட்டையில் நூல் இற்றுத் தையல் விட்டதால், தூக்குக் கயிறு இறுகி இறந்துபோனான், இது விபத்து, யார்மேலும் குற்றமில்லை என்றீர்கள். என் தோளைத் தட்டி, "மனச தளரவிடாதீங்க வாத்தியாரே" என்றும் சொன்னீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் நீங்கள் சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது. நூல் இற்றுப்போகவில்லை. அந்தப் பட்டையைத் தைத்தவன் நான். என் தையல் தானாக விட்டுப்போனதாக இந்தச் சுற்றுவட்டாரத்தில் இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பிழையைத் திருத்தத்தான் எழுதுகிறேன்.

நிதானமாகவே எழுதுகிறேன். என் கடையில், துணி வெட்டும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வேங்கை மர மேசை, கல்யாணமான வருஷம் செய்தது. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியை எத்தனை முறை ஓங்கி வைத்தும் இன்றுவரை இதில் ஒரு கால் அசைந்ததில்லை. இப்படி ஒரு மேசையில் உட்கார்ந்தால் மனம் தானாக ஒரு நிலைக்கு வந்துவிடும்.

வாத்தியார் என்று என்னைக் கூப்பிடுவது நாடகத்தை வைத்துத்தான். பெயர் கஸ்பார், தொழில் தையல். தையல் எனக்குச் சோறு போட்டது. மற்றதெல்லாம் நாடகம். ஆண்டவருடைய பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகத்தை எங்கள் ஊரில் வருஷம் தவறாமல் போடுகிறோம். வசனம் எழுதுவது, உடை தைப்பது, ஆள் பழக்குவது எல்லாம் என் பொறுப்பு. மற்ற ஊர்களில் ராத்திரியில் போடுவார்கள். எங்கள் ஊரில் பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை பிற்பகலில், கோயிலுக்கு முன்னால் புங்கமரத்தடியில் போடுவோம். பாட்டன் காலத்தில் ஊருக்குக் கரண்டு கிடையாது. இப்போது கரண்டு இருக்கிறது, ஆனால் நம்ப முடியாது. அதனால் வெயிலிலேயே நடக்கிறது. திரையும் கிடையாது.

இந்த வெயில்தான் எனக்குப் பெரிய எதிரி. யூதாஸ் நான்றுகொள்ளும் கட்டத்தை நினைத்துப் பாருங்கள். கிளையிலிருந்து கழுத்துக்குத் தொய்வாக வரும் பெரிய கயிறு வெறும் பார்வைக்கு. அங்கியின் முதுகில் ஒரு துவாரம். உள்ளே கித்தான் பட்டை, அதில் ஒரு இரும்புக் கொக்கி. மரத்திலிருந்து பின்னால் இறங்கும் கம்பி அந்தக் கொக்கியில் மாட்டியிருக்கும். ஆளின் பாரமெல்லாம் அந்தக் கொக்கியில்தான். பட்டப்பகலில் ஊரே அதைப் பார்க்கும். நான் மாதக்கணக்கில் யோசித்து எழுதிய வசனத்தைச் செபாஸ்டின் உயிரைக் கொடுத்துப் பேசிவிட்டுத் தொங்கினால், முன்வரிசையில் பிள்ளைகள் "கொக்கி, கொக்கி" என்று கத்துவார்கள். பெண்கள் பொரி தின்றுகொண்டே சிரிப்பார்கள். மாதா அழும் இடத்தில் அழுவார்கள்தான். ஆனால் அது வழக்கமாக அழும் இடம். அழுதுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு பக்கத்துக்காரியிடம் விட்ட கதையைத் தொடர்வார்கள்.

செபாஸ்டின் என் மனைவி பாக்கியமேரியின் தம்பி. யூதாஸ் வேடத்துக்கு யாரும் வர மாட்டார்கள். அந்த வேடம் கட்டியவன் காட்டை மட்டும் விட்டுவிட்டு மழை தள்ளிப் பெய்யும் என்று ஒரு பேச்சு எங்கள் பக்கம் உண்டு. நான் கேட்டேன் என்பதற்காக அவன் வந்தான். பெங்களூரில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவன், தவக்காலம் வந்தால் ஒத்திகைக்கென்று லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிவிடுவான். நல்ல பையன். முப்பத்தெட்டு வயதானவனைப் பையன் என்கிறேன். என் கல்யாணத்தில் டவுசர் போட்டுக்கொண்டு எனக்கு மோதிரத்தட்டு பிடித்தவன் அவன்.

இந்த எண்பத்தேழாம் வருஷம், பொங்கல் கழிந்து, அவன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்டான். கூடவே லாரியில் ஒரு பெட்டி வந்தது. பீரோ உயரம். நடுவில் டிவிக் கண்ணாடி, கீழே ஒரு குச்சி, இரண்டு பொத்தான். வீடியோ கேம் என்றான். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த உரக் கிடங்கை வாடகைக்குப் பிடித்து அதில் வைத்தான். எட்டணா போட்டால் ஆட்டம். கொஞ்ச நாளில் ஊர் ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான். தொப்பூர்க் கணவாயில் லாரி நிறுத்தும் கிளீனர்கள்கூடக் கேள்விப்பட்டு வந்தார்கள். எனக்குப் பொறாமை எதுவும் இல்லை. எத்தனையோ பேர் எத்தனையோ கடை போடுகிறார்கள்.

தவக்காலம் நெருங்கியபோதுதான் பேச்சு வந்தது. சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை எங்கள் ஊரில் விளையாட்டு, வேடிக்கை எதுவும் கூடாது. கல்யாணம் இல்லை, சினிமா இல்லை, சீட்டு இல்லை. பிள்ளைகள் கோலிக்குண்டைக்கூடத் தொட மாட்டார்கள். அது கட்டுப்பாடு. நாடக ஒத்திகை மட்டும் நடக்கும். ஞாயிறு பூசை முடிந்து கோயிலிலேயே ஊர்க் கூட்டம் போட்டார்கள். செபாஸ்டின் எழுந்து, கும்பிட்டுக் கேட்டான்.

"நாடகத்துக்கு மட்டும் எப்பிடிங்க சாமி விலக்கு?"

"அது கலைப்பா" என்றார் பங்குச் சாமியார்.

"இதுவும் கலைதானுங்க சாமி."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. உபதேசியார் சவுரியப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "வெரல வெச்சி குத்திக்கினு நிக்கறது கலையாடா?"

"நீங்க பூசையில ஆர்மோனியம் வாசிக்கறதும் வெரல வெச்சித்தானுங்களே."

"டேய், அதுல ஒரு ஆளு மூணு தடவ சாவறானாம். ஆண்டவரே ஒரு தடவதான்டா செத்தாரு."

இதற்குச் சாமியாரே சிரித்துவிட்டார். செபாஸ்டின் சிரிக்கவில்லை. அவன் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "எங்கியோ ஒருத்தன் உக்காந்து அத உண்டாக்கியிருக்கானுங்க. அவன் மூஞ்சி நமக்குத் தெரியாது, பாஷ தெரியாது. ஆனா அவன் பயந்த பயம் பொட்டிக்குள்ள இருக்குதுங்க. குச்சியப் புடிச்சா நம்ம கைக்கு வந்துருது. நாடகம் பாக்கறவன் பிடிக்கலன்னா எந்திரிச்சி வூட்டுக்குப் போயிடலாம். இதுல பாக்கறவனே உள்ள இருக்கறான். இது கலை இல்லைன்னா வேற எதுங்க கலை?"

சாமியார் என் பக்கம் திரும்பினார். "நம்ம ஊர்ல கலை தெரிஞ்சவரு கஸ்பார்தான். அவரு போயி பாத்துட்டு வரட்டும். அவரு சொல்றது முடிவு" என்றார். செபாஸ்டினின் முகம் மலர்ந்துவிட்டது. மாமா நம் பக்கம் நிற்பார் என்று நினைத்துவிட்டான்.

அடுத்த நாள் உச்சி வெயிலில் போனேன். கண்ணாடியில் வெளிச்சம் அடிக்கிறது என்று கிடங்கின் கதவைச் சாத்தினான். உள்ளே யூரியா வாடை. வேறு யாரும் இல்லை. எட்டணாவை அவனே போட்டான்.

ஐயா, அந்த ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கறுப்பு. முழுக்கக் கறுப்பு. அதன் நடுவே சுண்டுவிரல் அளவு ஒரு வெள்ளை உருவம், கையில் ஒரு விளக்கு. விளக்கின் வெளிச்சம் விழுகிற இடம் மட்டும் குகைச் சுவர் தெரியும். குச்சியைத் தள்ளினால் அவன் நடப்பான். பின்னால் ஏதோ வருகிறது. என்ன என்று காட்டுவதில்லை. சத்தம் மட்டும் கேட்கும். டொக். கொஞ்சம் விட்டு, டொக். நாம் தப்பான வழியில் திரும்பினால் அது கிட்டே வரும்; டொக், டொக் என்று இடைவெளி குறையும். அவ்வளவுதான் ஆட்டம். குகையைவிட்டு வெளியே வர வேண்டும்.

முதல் உயிர் போனபோது சிரித்தேன். அடுத்தது போனபோது வாய் வறண்டிருந்தது. கடைசி உயிரோடு நடந்துகொண்டிருந்தபோது, அந்தச் சின்னவன் பயப்படுகிறான் என்று தோன்றியது. அவனுக்கு முகமே கிடையாது. எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். பிறகுதான் பயப்படுவது நான் என்று புரிந்தது. இந்தப் பக்கம் சுவர். அந்தப் பக்கம் சுவர். சத்தம் என் பிடரிக்குப் பின்னால் கேட்டது. கண்ணாடிக்குள்ளே இல்லை, பிடரிக்குப் பின்னால். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. விளக்கு அணைந்தது. நான் "ஆத்தா" என்று கத்திவிட்டேன்.

குச்சியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. எடுத்தபோது அது நடுங்கியது. மற்றக் கையால் பிடித்தேன். அதுவும் சேர்ந்து நடுங்கியது. ஊசிக் கண்ணில் ஒரே குத்தில் நூல் கோக்கும் கை ஐயா இது. செபாஸ்டின் அதைப் பார்த்தான். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். சொம்பு பல்லில் இடித்தது. "மொதல்ல எனக்கும் இப்பிடித்தானுங்க மாமா. கொஞ்ச நேரத்துல சரியாயிரும்" என்றான், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில்.

சரியாகவில்லை. வழியில் மாதப்பன் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் கேட்டதும் நின்றுவிட்டேன். வீட்டில் பாக்கியமேரி புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிற சத்தம். கடையில் தையல் மிஷின் மிதித்தால் அதற்குள்ளும் அதுவே. படுத்தால் தலையணைக்குள் கேட்டது. அது என் சொந்த நெஞ்சு என்று தெரிந்தும் எழுந்து விளக்கைப் போட்டேன். பயமாக இருந்தது, ஐயா. அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பயத்தைவிட வேறொன்று மனதில் அரித்தது. இருபது வருஷமாக நாடகம் போடுகிறேன். என் நாடகம் பார்த்துவிட்டு ஒருவனாவது இப்படி விளக்கைப் போட்டிருப்பானா?

சாம்பல் புதனுக்கு முன்னாலேயே கூட்டம் கூடியது. பீடத்துக்கு எதிரில் நின்று சொன்னேன். "போய்ப் பாத்தனுங்க. பசங்க சமாச்சாரம். எனக்கு ஒண்ணும் தோணல. கலைன்னா மனுசன ஒரு படி மேல தூக்கணும். இது தூக்கல, எறக்கவும் இல்ல. வெறும் வெளையாட்டு." ஊர் தலையாட்டியது. கிடங்கைப் பூட்டிச் சாவியைக் கோயிலில் ஒப்படைக்கச் சொன்னார்கள். நான் பேசி முடிக்கும்வரை செபாஸ்டின் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பயங்கள். ஒன்று அந்தச் சத்தம். இன்னொன்று அவன் கண்.

ஒத்திகை தொடங்கியது. அவன் வழக்கம்போல வந்தான், வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் பேசினான். வயிறு கொஞ்சம் பெருத்திருந்ததால் பட்டையைத் தளர்த்தித் தைக்க வேண்டியிருந்தது. அளவு கொடுக்கக் கடைக்கு வந்தான். நான் இஞ்சு டேப்பை அவன் இடுப்பில் சுற்றியபோது மெதுவாகக் கேட்டான்.

"மாமா, ஊர்ல சொன்னது சொல்லிட்டீங்க. நானும் யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். அக்காகிட்டகூட சொல்லல. எங்கிட்ட மட்டும் நெசத்தச் சொல்லுங்க. பயந்தீங்கதான?"

"என்னத்துக்குப் பயப்படணும்?"

"கை நடுங்குச்சுங்க. நான் பாத்தேன்."

"வெயில்ல வந்ததுடா அது. வெறும் வயிறு."

அவன் மேசைமேல் கிடந்த பட்டையைக் கையில் எடுத்து, கொக்கியைச் சுண்டிவிட்டான். "தப்பா நெனைக்காதீங்க மாமா. வருசா வருசம் என்னைத் தொங்க உடறீங்க. ஒரு தடவகூட எனக்குப் பயம் வந்ததில்ல. பாக்கறவங்களுக்கும் வரல. இந்தக் கொக்கி இருக்குதுன்னு எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கொக்கி இருக்கறவரைக்கும் நம்முளுதுதான் மாமா வெளையாட்டு."

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகச் சொன்னான். போகும்போது, "அக்கா களி கிண்டியிருந்தா ஒரு உருண்டை எடுத்துக்கறேன்" என்று வீட்டுக்குள் போய் வாங்கிக்கொண்டு போனான்.

அவன் சொன்னதை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அதில் நியாயம் இருந்தது. அதனால்தான் சொல்கிறேன், இந்த யோசனை முழுக்க என்னுடையது அல்ல. வழி காட்டியவன் அவன்.

அன்று பிற்பகலே பட்டையைப் பிரித்தேன். கொக்கியைத் தாங்கும் இடத்தில் மெழுகு பூசிய கோணி நூல் போட்டிருந்தேன், யானையைத் தொங்கவிடலாம். அதை உருவிவிட்டு, துணியை மிஷினில் கொடுப்பதற்கு முன்னால் சும்மா பிடித்துவைக்கப் போடும் நூலால் ஓட்டினேன். இரண்டு விரலால் இழுத்தால் வந்துவிடும். பழைய தையல்போலவே தெரியட்டும் என்று கறுப்பு நூலாகத் தேர்ந்தெடுத்து, அழுக்குப் பிடிக்கத் தேய்த்தும் வைத்தேன். நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு இற்றுப்போனது என்றது அந்த நூலைத்தான். அந்த அளவுக்கு அது நல்ல வேலை.

கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். நான் நினைத்தது இவ்வளவுதான்: தொங்கியதும் தையல் விடும், ஒரு சாண் இறங்குவான், கயிறு பிடிக்கும், பயம் வரும், நிஜமான பயம், அவனுக்கும் ஊருக்கும், உடனே நான் கட்டையைத் தட்டுவேன். புனித வியாழன் முதல் சனிக்கிழமை இரவுப் பாஸ்கா பூசைவரை எங்கள் ஊரில் கோயில் மணி அடிப்பதில்லை. மணிக்குப் பதிலாக ஒரு மரக்கட்டையைத் தட்டுவோம். நாடகத்திலும் அதுதான் சைகை. நான் தட்டினால் கிளைக்குக் கீழே நிற்கும் ரோமைச் சேவகர்கள் நாலு பேரும் வேட்டியை விரித்து மறைத்து, காலைப் பிடித்துத் தூக்கி, ஆளை இறக்கிவிடுவார்கள். முன்னொரு வருஷம் சேவகன் ஒருவன் அவசரப்பட்டுத் தூக்கப்போய், செத்த யூதாஸ் "இருடா" என்று சொல்லி, ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அன்று முதல் நான் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருக்கிறேன்: கட்டைச் சத்தம் கேட்காமல் ஒருவனும் விரலைக்கூட அசைக்கக் கூடாது. அதனால் சேவகர் தலைவன் மரியசூசைமேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவனிடம் சொல்லிவிடுங்கள்.

சனிக்கிழமை நல்ல வெயில். செபாஸ்டின் அன்று பேசியதுபோல எந்த வருஷமும் பேசியதில்லை. காசை வீசி எறிந்துவிட்டு, பலகைமேல் ஏறி, கயிற்றை மாட்டிக்கொண்டான். பின்னால் கம்பியை மாட்டிவிட்டவன் நானேதான். மாட்டும்போது அவன் தலையைத் திருப்பாமல், "இந்த வருசமாச்சும் கொக்கின்னு கத்தாம இருக்கணும் மாமா" என்று முணுமுணுத்தான். நான், "கத்த மாட்டாங்க" என்றேன். ஓரத்துக்கு வந்து கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அவன் பலகையை உதைத்தான். பிள்ளைகள் கத்தத் தொடங்கினார்கள். தையல் விட்டது. சத்தமே வரவில்லை. அவன் ஒரு சாண் இறங்கினான், நான் கணக்குப் போட்டபடியே.

கத்தல் பாதியில் நின்றது. முதலில் பிள்ளைகள் நிறுத்தினார்கள், பிறகு பெண்கள். முன்வரிசையில் குள்ளம்மாள் பொரியை வாய்க்குக் கொண்டுபோன கை அங்கேயே நின்றது. புங்க இலை ஆடுகிற சத்தம்கூடக் கேட்டது. இருபது வருஷத்தில் நான் அப்படி ஒரு அமைதியைக் கேட்டதில்லை. எல்லோர் முகத்திலும் அது இருந்தது, ஐயா. உரக் கிடங்கில் என் முகத்தில் இருந்த அதே பயம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் நாடகம் அதைச் செய்தது என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு கணம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மரியசூசை என்னைப் பார்த்தான். நான் பார்க்காததுபோல மரத்தைப் பார்த்தேன்.

செபாஸ்டின் காலை உதறினான். எல்லோரும் நடிப்பு என்றுதான் நினைத்தார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், முடியவில்லை. பிறகு அவன் கண் தேடியது. ஊரைப் பார்க்கவில்லை, அவன் மனைவி ராஜமேரி பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த பக்கம்கூடப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தது. கட்டை பிடித்த கையை. ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தான். டொக் என்று ஒரு சத்தம். அவனுக்கு அது போதும். நான் தட்டவில்லை. தட்டக்கூடாது என்று கை தானாக நின்றது என்று உங்களிடம் சொல்லலாம் என்றுதான் முதலில் இருந்தேன். அப்படியல்ல. கை என் சொல்லைக் கேட்டுத்தான் நின்றது. அவன் கண்ணில் பார்வை போகிறவரை நிறுத்திவைத்திருந்தேன். அதன் பிறகு தட்டினேன்.

ஜனங்கள் கை தட்டினார்கள். ஆண்டவருடைய பாடுகளுக்குக் கை தட்டுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அன்று தட்டினார்கள். வேட்டிக்குப் பின்னாலிருந்து மரியசூசை அலறுகிறவரை தட்டினார்கள்.

அந்தப் பெட்டி கலையா இல்லையா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. சாமியார் இனிமேல் நாடகமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பெட்டியில் செத்தவன் எட்டணா போட்டால் எழுந்துவிடுகிறான். அதில் வருவது பயமே இல்லை. அதனால் அது கலையும் இல்லை. நான் கூட்டத்தில் சொன்னது பொய் என்று செபாஸ்டின் நினைத்துக்கொண்டிருந்தான். பொய் இல்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டியிருந்தது. காட்டிவிட்டேன். அவனுக்கு நான் கெடுதல் நினைத்ததே இல்லை. பாக்கியமேரி தம்பி தம்பி என்று சுவரில் முட்டிக்கொள்ளும்போது எனக்கும் கண்ணீர் வருகிறது.

ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஸ்டேஷனில் ஒரு சுவர்க் கடிகாரம் இருப்பதைப் பார்த்தேன். என்னை உள்ளே வைக்கும்போது அதை நிறுத்திவைத்தால் நல்லது. முடியாது என்றால், இரவில் விளக்கையாவது அணைக்க வேண்டாம்.

வேறு ஒன்றும் இல்லை. கட்டையைப் பிடித்திருந்தபோது என் கை நடுங்கவில்லை. கொஞ்சம்கூட இல்லை. கடைசியாக அவன் அதைத்தான் பார்த்தான், பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான். அதை மட்டும் தவறாமல் உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காகிதத்தில் எழுத்து கோணிக்கொண்டு போவதை வைத்து நீங்கள் வேறு ஏதும் நினைக்க வேண்டாம். இந்த மேசையில் ஒரு கால் ஆடுகிறது.